மருத்துவ மாணவர்களுக்கு ஒழுக்கவியல் பாடம்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டார மக்களுக்குப் பெரிய வைத்தியம் என்றாலே நீண்ட காலமாக மதுரைதான். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி. ஆண்டுக்கு 150 பேர் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேரும் இந்தக் கல்லூரி அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கைத்தறி நெசவு, நூற்பாலை வேலை, மல்லிகைத் தோட்டம், மழையை நம்பிய கரிசல் விவசாயம் என்று அன்றன்றைக்குக் கிடைக்கும் கூலியில் ஓடும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல், அல்ஹம்துலில்லாஹ்.

மருத்துவக் கல்லூரிகளோடு நம் சமுதாயத்துக்கு இரண்டு வகை உறவு உண்டு. ஒன்று நோயாளியாக, மற்றொன்று பெற்றோராக. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-ல் வந்த 3.5 விழுக்காடு ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வாசலைத் திறந்திருக்கின்றன. நீட் மதிப்பெண் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, எந்தக் கல்லூரி நல்லது என்று பெற்றோர்கள் நன்றாக விசாரிக்கிறார்கள். ஆனால், நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறையும் அங்கே ஒரு பாடம், அதற்கும் வருகைப் பதிவும் தேர்வும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பாடம் என்ன, அது எங்கே பலிக்கிறது, எங்கே தோற்கிறது, அதில் நம் பங்கு என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

2019-ல் வந்த மாற்றம்

முன்பு மருத்துவ ஒழுக்கவியல் என்பது சட்ட மருத்துவப் பாடத்தின் ஒரு பகுதியாகச் சில மணி நேரம் நடத்தப்பட்டது. மருத்துவச் சட்டம், பிரேதப் பரிசோதனை, நச்சுப்பொருள் இவற்றோடு அதுவும் ஓர் அத்தியாயம். நோயாளியின் அருகில் நின்று பேசும் முறையைத் தனியாகக் கற்பிக்கும் ஏற்பாடு பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. வேலூர் சி.எம்.சி. போன்ற சில நிறுவனங்கள் தம் மாணவர்களை முதலாண்டிலேயே கிராமத்தில் தங்கவைத்து மக்களின் வாழ்க்கையைப் பார்க்கச் செய்துவந்தன. ஆனால் அது நாடு முழுமைக்குமான விதியாக இருக்கவில்லை.

அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-ல் 'ஏட்காம்' என்ற பாடத்தொகுப்பை வெளியிட்டது. மனப்பான்மை, ஒழுக்கவியல், நோயாளியோடு பேசும் திறன் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சுருக்கிய ஆங்கிலப் பெயர் அது. 2019-ல் சேர்ந்த மாணவர்கள் முதல் நாடெங்கும் இது கட்டாயமானது. 2020 செப்டம்பரில் கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகும் இந்தப் பாடம் தொடர்கிறது.

அதன் அமைப்பு சுருக்கமாக இதுதான். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, அதன் பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. கல்லூரியில் நுழைந்தவுடன் ஓர் அடிப்படைப் பயிற்சி நடக்கும். 2019-ல் அது ஒரு மாதம், மொத்தம் 175 மணி நேரம் என்று வகுக்கப்பட்டது. அதில் 40 மணி நேரம் ஒழுக்கவியலுக்கும் தொழில்முறை வளர்ச்சிக்கும் உரியது. மொழி, கணினிப் பயிற்சிக்கு இன்னொரு 40 மணி நேரம். பின்னர் இந்தப் பயிற்சியின் கால அளவு குறைக்கப்பட்டது.

அதன் பிறகு நான்கு கட்டங்களாக 27 பாடங்கள் வருகின்றன. முதல் கட்டத்தில் 5, இரண்டில் 8, மூன்றில் 5, நான்கில் 9. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்பவையே முதலிரண்டு பாடங்கள். உடற்கூறு வகுப்பில் அறுத்துப் பார்க்கக் கிடைக்கும் சடலத்தை முதல் ஆசானாக மதிப்பது அதே ஆண்டின் மற்றொரு பாடம். மய்யித்தின் கண்ணியத்தைப் பேணும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எளிதில் மனத்தில் பதியும். பிந்தைய ஆண்டுகளில் சம்மதம் பெறுதல், இரகசியம் காத்தல், மற்ற பணியாளர்களோடு சேர்ந்து உழைத்தல், மருந்து நிறுவனங்களோடு வைத்துக்கொள்ள வேண்டிய எல்லை, மரணத்தை எதிர்கொள்ளும் குடும்பத்தோடு பேசுதல், மருத்துவக் கவனக்குறைவு ஆகியவை வருகின்றன.

இவற்றை மேடைப் பேச்சாக நடத்தக்கூடாது என்பது பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. ஒரு நிகழ்வைக் கொடுத்துச் சிறு குழுக்களாக விவாதிக்கச் சொல்வார்கள். ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் நடித்துப் பார்ப்பார்கள். தான் உணர்ந்ததை மாணவர் எழுதித் தர வேண்டும். 2019 விதிகளின்படி இந்த வகுப்புகளில் 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். எழுத்துத் தேர்விலும் இதிலிருந்து கேள்வி வரும்.

நான்கு அளவுகோல்கள்

உலகெங்கும் மருத்துவ மாணவர்களுக்கு ஒழுக்கவியலைச் சொல்லித்தர நான்கு அளவுகோல்கள் பயன்படுகின்றன. டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1979-ல் தங்கள் நூலில் இவற்றைத் தொகுத்துத் தந்தார்கள். நோயாளியின் முடிவை மதித்தல், அவருக்கு நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், எல்லோரிடமும் நீதியாக நடத்தல் என்பவை அந்த நான்கும்.

படிக்க எளிதாகத் தெரியும். நடைமுறையில் ஒன்றோடொன்று மோதும். உதாரணத்துக்கு ஒரு நெசவாளியை எடுத்துக்கொள்வோம். சுகர் இருக்கிறது, கால்விரலில் புண் கறுத்துவிட்டது. விரலை எடுக்காவிட்டால் பாதத்துக்குப் பரவும் என்கிறார் மருத்துவர். "தறிக்குழியில் உட்கார்ந்து காலால் மிதித்தால்தான் சாப்பாடு, பத்து நாள் பொறுங்கள், கையில் இருக்கும் சேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்கிறார் நெசவாளி. அவரை அதட்டிப் படுக்க வைத்தால் அவருடைய முடிவை மதிக்கவில்லை. "உங்கள் இஷ்டம்" என்று அனுப்பிவிட்டால் தீங்கிலிருந்து காக்கவில்லை. அவர் மனத்தில் உள்ள பயம் என்ன, பத்து நாளில் என்ன நேரும் என்பது அவருக்கு விளங்கியிருக்கிறதா, குடும்பத்துக்கு இடைக்காலத்தில் என்ன வழி என்று உட்கார்ந்து பேசுவதுதான் மருத்துவரின் வேலை. அப்படிப் பேசக் கற்றுக்கொடுப்பதே இந்தப் பாடம்.

மொழியும் இதில் அடங்கும். நம் பக்கத்தில் "மேலுக்கு முடியல" என்பார்கள், "கிறுகிறுன்னு வருது" என்பார்கள், "வயித்தால போகுது" என்பார்கள். சென்னையிலோ வெளிமாநிலத்திலோ வளர்ந்த மாணவர் இதைப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும். பெண்கள் சில நோய்களைப் பெயர் சொல்லாமல் சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். அதை முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் பணியாளர் இருப்பதும், திரை போட்டிருப்பதும் மாணவர் முதலிலிருந்தே பழக வேண்டிய ஒழுங்குகள்.

நோன்பும் ஓர் எடுத்துக்காட்டு. ரமலானில் இன்சுலின் போடும் நோயாளி நோன்பு வைப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பது நம்மிடையே உண்டு. திட்டுவார் என்ற பயம்தான் காரணம். நோன்பு வைப்பவர்களின் சுகரைக் கவனிப்பதற்கென்றே உலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2016-லும் 2021-லும் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. ரமலானுக்கு முன்பே நோயாளியிடம் கேட்டு, யார் நோற்கலாம், யார் நோற்கக்கூடாது, மருந்தின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று பேச வேண்டும் என்கிறது அது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுத்துச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. கேட்பது மருத்துவரின் பொறுப்பு, மறைக்காமல் சொல்வது நம் பொறுப்பு.

சாத்தூர் கற்றுத்தந்த பாடம்

இந்தப் பாடம் எவ்வளவு அவசியம் என்பதை நம் விருதுநகர் மாவட்டமே கண்டது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தொற்று ஏற்பட்டது.

செய்தி வெளியே வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். இரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்தவுடன் தாமாகவே முன்வந்து இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் அந்த இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. 2016-ல் ஒரு முகாமில் அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று தெரிந்தும், அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஆய்வகப் பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த இளைஞரோ மனம் உடைந்து விஷம் அருந்தி, மதுரை மருத்துவமனையில் இறந்துபோனார்.

இதை ஒரு வகுப்பில் வைத்து விவாதித்தால் ஏட்காம் பாடத்தின் பாதி இதிலேயே அடங்கிவிடும். பரிசோதனை முடிவு ஒருவருக்கு உரியது என்றால் அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது யார் வேலை? ஒரு சோதனையைச் சரியாகச் செய்யாமல் 'சரி' என்று எழுதுவது யாரைக் கொல்லும்? தவறு தெரிந்தவுடன் நோயாளியிடம் யார், எப்படிச் சொல்ல வேண்டும்? தொற்று உள்ளவரின் பெயரும் ஊரும் ஊடகங்களில் ஓடும்போது அவர் உயிருக்கு யார் பொறுப்பு? 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், சம்மதமின்றிச் சோதிப்பதையும் ஒருவரின் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சட்டம் வந்த மூன்றே மாதத்தில் நடந்தது இது.

இத்தனைக்கும் நடுவில், வாய்மூடி இருந்திருக்கக்கூடிய ஒரு சாதாரண இளைஞர் உண்மையைச் சொன்னார். படித்துப் பட்டம் பெறுபவர்கள் எட்டிப் பிடிக்க வேண்டிய அளவு அதுதான்.

கையெழுத்து யாருடையது?

ஆபரேஷன் என்றதும் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டு ஆம்பளைங்க யாரு வந்திருக்காங்க?" என்பது. மருத்துவமனையிலும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். கணவரோ அத்தாவோ அண்ணனோ கையெழுத்துப் போடுகிறார்கள். படுத்திருக்கும் பெண்ணுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பது பல நேரங்களில் அவருக்கே தெரியாது.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இது பற்றித் தெளிவான தீர்ப்பு அளித்தது. டெல்லியில் ஒரு பெண் உள்நோக்கிப் பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் கொடுத்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயது வந்த, சுயநினைவு உள்ள ஒருவருக்குப் பதிலாகத் தாயார் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தைச் சிகிச்சைக்கும் நீட்டிக்கக்கூடாது. சிகிச்சை எப்படிப்பட்டது, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதைச் சொன்ன பிறகே சம்மதம் கேட்க வேண்டும் என்றும் கூறியது.

குடும்பத்தோடு கலந்து பேசுவது நம் பண்பாடு. அது நல்லதும்கூட. ஆனால் கலந்து பேசும் வட்டத்தில் நோயாளியும் உட்கார்ந்திருக்க வேண்டும். நிக்காஹ்வுக்கே பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வரச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அவள் உடலில் கத்தி வைப்பதற்குக் கேட்க வேண்டாமா? நாளைக்கு மருத்துவராகப் போகும் நம் பிள்ளை, தன் வீட்டில் உம்மாவுக்கோ அக்காவுக்கோ நடக்கும் வைத்தியத்தில் இதைப் பார்த்து வளர்ந்தால் வகுப்பில் சொல்வது மனத்தில் தங்கும்.

கெட்ட செய்தியைச் சொல்வது

"புற்றுநோய் என்று அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று அறைக்கு வெளியே கெஞ்சாத குடும்பம் அபூர்வம். பாசத்தால் செய்வதுதான். ஆனால் நோயாளிக்குத் தன் நிலை தெரிந்தால்தான் கடனை அடைப்பது, வஸிய்யத் எழுதுவது, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வது, தவ்பா செய்வது எல்லாம் நடக்கும். மறைத்துவிட்டால் அந்த அவகாசமும் போய்விடும்.

மாணவர்களுக்கு இதற்கென ஒரு முறை சொல்லித்தரப்படுகிறது. 2000-ல் புற்றுநோய் மருத்துவர்கள் வெளியிட்ட அந்த முறையில் ஆறு படிகள் உள்ளன. முதலில் தனிமையான இடத்தில் உட்கார வேண்டும். அடுத்து, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதையும் கேட்க வேண்டும். அதன் பிறகு எளிய சொற்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். அவர் அழுதால் அழ விட்டு, உடன் இருக்க வேண்டும். கடைசியாக, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து திட்டமிட வேண்டும்.

இதில் மூன்றாவது படி நம் குடும்பங்களின் கவலைக்கு விடை தருகிறது. சிலர் எல்லாம் தெரிய வேண்டும் என்பார்கள். சிலர், "என் மகனிடம் சொல்லுங்கள், அவன் பார்த்துக்கொள்வான்" என்பார்கள். இரண்டும் நோயாளியின் முடிவுதான். அவரிடம் கேட்காமலே நாம் முடிவு செய்வதுதான் பிழை.

நம் வரலாற்றில்

மருத்துவருக்கு ஒழுக்கம் கற்பிப்பதும் தேர்வு வைப்பதும் முஸ்லிம் உலகுக்குப் புதிதல்ல. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் உர்ஃபா நகரமான ருஹாவைச் சேர்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்-ருஹாவீ 'அதபுத் தபீப்' என்ற நூலை 20 அத்தியாயங்களில் எழுதினார். மருத்துவரின் நடத்தை, நோயாளியின் கடமை, உடன் இருப்பவர்களின் கடமை எல்லாம் அதில் உண்டு. நோயாளியின் நிலையை மருத்துவர் குறித்து வைக்க வேண்டும், சர்ச்சை வந்தால் மற்ற மருத்துவர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது.

கி.பி. 931-ல் பாக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் நோயாளி இறந்த செய்தி கலீஃபா அல்-முக்ததிருக்கு எட்டியது. ஸினான் இப்னு தாபித் என்ற தலைமை மருத்துவர் சோதித்துச் சான்று தராமல் யாரும் தொழில் செய்யக்கூடாது என்று அவர் ஆணையிட்டார். 800-க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் இடம்பெறும் நபிமொழியை வைத்து, ஃபிக்ஹு நூல்கள் இழப்பீட்டுச் சட்டத்தை விரிவாகப் பேசுகின்றன. 1981-ல் குவைத்தில் நடந்த மாநாடு முஸ்லிம் மருத்துவருக்கான ஒழுக்க நெறிகளையும் உறுதிமொழியையும் தொகுத்து வெளியிட்டது.

வகுப்பும் வார்டும்

2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் வெள்ளை அங்கி அணியும் விழாவில், வழக்கமான ஹிப்போகிரட்டிக் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் பெயரிலான உறுதிமொழி வாசிக்கப்பட்டது. பெரும் சர்ச்சையானது. கல்லூரி முதல்வர் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டு, சில நாட்களில் மீண்டும் பொறுப்பேற்றார். எந்த உறுதிமொழி என்பதில் மாநிலத்துக்கு ஒரு நிலைப்பாடு இருக்கலாம், நமக்கும் இருக்கலாம். ஆனால் எந்த உறுதிமொழியை வாசித்த மாணவரும் மறுநாள் வார்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே மூத்தவர்கள் எப்படி நடக்கிறார்களோ அதைத்தான் அவர் கற்றுக்கொள்வார்.

மருத்துவக் கல்வியாளர்கள் இதை 'மறைவான பாடத்திட்டம்' என்கிறார்கள். சம்மதம் பற்றிக் காலையில் வகுப்பு நடக்கிறது. மதியம் ஒருவர் கேஸ் ஷீட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொல்கிறார். மாணவர் எதை நம்புவார்? ரவுண்ட்ஸில் நோயாளியைப் பெயரால் அழைக்காமல் படுக்கை எண்ணாலோ நோயாலோ அழைப்பது, அவருக்கு முன்னாலேயே ஆங்கிலத்தில் அவரைப் பற்றிப் பேசிச் சிரிப்பது இவையெல்லாம் சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள்.

மறுபக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். தொடர் பணியில் தூக்கமில்லாமல் நிற்கும் ஹவுஸ் சர்ஜனிடம் கனிவை மட்டும் எதிர்பார்ப்பதும் சரியல்ல. போதுமான மருத்துவர்கள், ஓய்வு நேரம், பேச ஒரு தனியறை, பாதுகாப்பு ஆகியவற்றை நிர்வாகம் கொடுத்தால்தான் பாடம் பழக்கமாகும்.

மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் அவர்களின் உடல்நலத்தைக் கவனித்துவரும் திட்டமும் இப்போது பாடத்திட்டத்தில் இருக்கிறது. குடத்தோடு தண்ணீருக்கு நிற்கும் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், "தினமும் புண்ணைக் கழுவுங்கள்" என்ற அறிவுரையின் விலை மாணவருக்குப் புரியும்.

பட்டம் வாங்கிய பிறகு

ஒழுக்கவியல் பட்டத்தோடு முடிவதில்லை. மருத்துவர்களின் தொழில் நடத்தைக்கு 2002-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவையே தொடர்ந்தன. அவற்றில் குடும்பங்கள் அறிய வேண்டிய சில:

• உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

• மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால், படிக்கும்படி எழுத வேண்டும்.

• நோயாளியை அனுப்பியதற்காக ஸ்கேன் மையத்திலோ வேறு மருத்துவரிடமோ கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது.

• நோயாளியின் இரகசியத்தை வெளியிடக்கூடாது. நீதிமன்ற ஆணை, பிறருக்குக் கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவை விதிவிலக்கு.

• மருத்துவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும்.

விதி மீறல் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் செய்யலாம். ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன விதிகள். விபத்தில் அடிபட்டவருக்கு போலீஸ் வரும்வரை காத்திராமல் முதலில் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில், "அனாட்டமியில் எத்தனை மார்க்?" என்று கேட்பதைப் போலவே, "இன்று எந்த நோயாளியிடம் பேசினாய், அவர் என்ன சொன்னார்?" என்றும் கேளுங்கள். அதே நேரம், அந்த நோயாளியின் பெயரையும் ஊரையும் கேட்காதீர்கள். சொந்தக்காரர் ஒருவரின் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லிப் பிள்ளையை நெருக்காதீர்கள். "வரிசையில் நிற்காமல் உள்ளே விடு" என்று கேட்பதும், வேலைக்குப் போகாத நாளுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்பதும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் அந்தப் பிள்ளை கற்ற பாடத்தை நாமே அழிப்பதாகும். கருவின் பாலினத்தைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நோயாளியாகப் போகும்போது பழைய சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, நோன்பு, நிறுத்திய மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். "எனக்கு என்ன நோய், இந்த மருந்து எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்ற மூன்று கேள்விகளையும் மரியாதையாகக் கேளுங்கள். மாணவர் ஒருவர் பரிசோதிக்க அனுமதி கேட்டால், முடிந்தவரை அனுமதியுங்கள். விருப்பமில்லை என்றால் அதைச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் மருத்துவர் மீதோ செவிலியர் மீதோ கை ஓங்காதீர்கள். அது ஹராமான அநியாயம், சட்டப்படியும் குற்றம்.

மஹல்லாவிலும் இதற்கு இடமுண்டு. மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை அழைத்து, மக்களின் கேள்விகளைக் கேட்கச் செய்யலாம். சம்மதப் படிவம் என்றால் என்ன, ரமலானில் மருந்து எப்படி என்பதை ஜும்ஆ மேடையில் ஐந்து நிமிடம் சொல்லலாம். எச்.ஐ.வி., காசநோய், மனநோய் உள்ளவர்களைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்பினால், அதைத் தடுத்து நிறுத்துவதை ஜமாஅத்தார் தம் கடமையாகக் கொள்ளலாம்.

நோயாளியின் உடல் மருத்துவரிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அதைப் பேணும் முறையை நம் நாட்டுக் கல்லூரிகள் இப்போது பாடமாக வைத்திருக்கின்றன. கரிசல் காட்டிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் ஏழை, தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, உட்கார வைத்து, விளக்கிச் சொன்ன மருத்துவரை நம்பி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவார். நம்பிக்கை வராவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார். அந்த நம்பிக்கையை உண்டாக்கும் மருத்துவர்களாக நம் பிள்ளைகளையும், அவர்களுக்கு உதவியாக நிற்கும் குடும்பங்களாக நம்மையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.